படப்பிடிப்புக்கு மட்டுமான நாற்காலி

கடைசிப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது என்று கேட்டதும் கடைக்குட்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தேர்வுக்குப் பதிலாக மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். குளிர்ந்த உச்சி அப்படியே உறைந்துபோயிற்று.

கடைக்குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். நாலு பிள்ளைகளில் கடைசி. கடல் தாண்டி வந்து லாப நோக்கமற்ற நிறுவன மேலாண்மை படித்துக்கொண்டிருந்தாள். தர்ம காரியத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் படிப்பு. மற்ற எல்லாப் பாடத்திலும் முட்டி மோதித் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ ஒன்றுதான். அதில் நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் இங்கேயே வேலை பார்க்க அனுமதி வரும். நாற்பத்தொன்பது வாங்கினால் மாசக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பாடம் நடத்தியவர் கதைப் பேராசிரியர். வெயில் காலத்திலும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றியிருப்பார். மதிப்பெண் எப்படிப் போடப்படும் என்ற தாளைக் கோயில் பிரசாதம் மாதிரி ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். துன்பம் இருபது. திருப்புமுனை இருபது. கண்ணீர் முப்பது. நம்பிக்கை ஒளி இருபது. நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று தெரிவதற்குப் பத்து.

கடைக்குட்டி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கையைத் தூக்கினாள்.

“சார், அந்த நிறுவனம் நிஜமாவே உதவி பண்ணுச்சாங்கிறதுக்கு மார்க் இல்லையா?”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் கோபப்படவில்லை. ஜுரம் வந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உண்மைய யாரு வேணா சொல்லிடலாம்மா. அதுக்கு எதுக்குக் காலேஜு? நாம இங்க சொல்லித் தர்றது நம்பகத்தன்மை. நான் பத்து வருஷம் பசி ஒழிப்பு அமைப்புல இருந்தேன். பசியோட இருக்கிற ஒருத்தரையும் நேர்ல பார்த்தது கிடையாது. ஆனா நான் எடுத்த படத்தப் பார்த்து அழாத ஆள் உண்டா? அதுக்குப் பேருதான் திறமை.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

“இன்னொண்ணு. பார்க்கிறவங்க கண்ணு ஒரு நிமிஷம் நாற்பதாவது நொடியில கலங்கணும். முன்னாடியே கலங்கிட்டா அவசரம். பின்னாடி கலங்கினா அலட்சியம். ரெண்டுக்கும் மார்க் குறைப்பேன்.”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை வாயருகே வைத்துப் பேசினாள். அவள் பேசப் பேச அது எழுத்தாக மாறி அக்காவுக்குப் போகும். வந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

“அக்கா, யாருன்னே தெரியாதவங்கள ஒண்ணே முக்கால் நிமிஷத்துல அழவைக்கணுமாம்.”

பதில் உடனே வந்தது. “நம்ம சின்னச் சித்திய அனுப்பி வைக்கவா? அவங்களுக்கு அவ்வளவு நேரமே தேவைப்படாது.”

*

கடைக்குட்டிக்குக் குலுக்கலில் விழுந்தது சக்கர நாற்காலிச் சங்கம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் அமைப்பு. அதன் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் படிப்பதற்காக, ‘உங்களால் முடியும்’ என்று சுவரில் எழுதிவைத்திருந்தார்கள்.

மேலே பத்து நாற்காலிகள் வரிசையாகப் பளபளத்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ‘படப்பிடிப்புக்கு மட்டும்’.

சங்கத்தின் செயலாளர் அம்மா மேசைக்குப் பின்னாலிருந்து கை குலுக்கினார்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்ககிட்ட பதினோரு நாற்காலி இருந்துச்சு. கதை ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கும் அதே பதினோரு நாற்காலிதான். கதை மட்டும் நூத்திப் பதினாலு! வளர்ச்சின்னா இதும்மா.”

“இப்ப எத்தன பேர் நாற்காலிய உபயோகப்படுத்துறாங்க மேடம்?”

“உங்க காலேஜ்ல இருந்து ஒன்பது டீம். பக்கத்துக் காலேஜ் ரெண்டு.”

“இல்ல மேடம், நடக்க முடியாதவங்க...”

செயலாளர் அம்மா கொஞ்சம் யோசித்தார். எப்போதோ படித்த பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்பவர் போல் இருந்தது அவர் முகம்.

“ஓ, அதுவா. அது பழைய திட்டம். நோயாளிங்க கையில குடுத்தா தேய்ச்சிடுறாங்கம்மா. டயர் தேயுது, சீட்டு குழி விழுது. அப்புறம் படத்துல பார்க்க நல்லாவா இருக்கும்?”

பக்கத்தில் ஒரு மெக்கானிக் சும்மா உட்கார்ந்திருந்தார். முன்பு நாற்காலிகளைப் பழுது பார்த்தவர். இப்போது அவர் சட்டையில் ‘நகர்வு அனுபவ வடிவமைப்பாளர்’ என்று அட்டை தொங்கியது. கடைக்குட்டிக்கு ஒரு நாற்காலியை உருட்டிக் காட்டினார். இடது சக்கரம் எலி மாட்டிக்கொண்டதுபோல் கத்தியது.

“எண்ணெய் விட்டு எட்டு மாசம் ஆச்சுங்க,” என்று காதோடு சொன்னார். “ரெண்டு சொட்டு விட்டா நின்னுடும். விடக் கூடாதுன்னுட்டாங்க. அந்தச் சத்தம் இருந்தாத்தான் சோகம் வருதாம்.”

பயனாளியின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார் செயலாளர் அம்மா. சங்கத்துக்கு ஒரே ஒரு பயனாளி. நூற்றுப் பதினாலு கதைகளில் பாதிக்கு மேல் அவர்தான் வருவார். படப்பிடிப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் பதினோராவது நாற்காலி எப்போதும் அவர் வீட்டிலேயே நிற்கும்.

*

பயனாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கதவைத் திறந்ததே அவர்தான். திறந்துவிட்டு, மறந்த சாவியை எடுக்கப் போகிறவர்போல் துள்ளி உள்ளே ஓடி, சட்டைக்கு மேல் ஒரு பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

“வா பாப்பா. எந்தக் காலேஜ்? சோகமா, நம்பிக்கையா, ரெண்டும் கலந்தா?”

“கலந்து, அங்கிள்.”

“நல்லது. தனிச் சோகம் உடம்புக்கு ஆகறதில்ல. ஜன்னல் வலது பக்கம் வர்ற மாதிரி வச்சுக்கோ. எனக்கு இடது கண்ணுலதான் முதல்ல தண்ணி வரும். ஒரு நிமிஷம் நாற்பதா, முப்பத்தஞ்சா?”

“நாற்பது.”

“அப்ப கதைப் பேராசிரியர் பேட்ச்! முப்பத்தஞ்சு கேட்கிறவங்க பக்கத்துக் காலேஜ்.”

அவருக்குக் கால் உடைந்தது என்னவோ நிஜம். இரண்டு வருஷம் முன்னால். ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. நேற்றுக்கூட ஓடிப்போய் பஸ் பிடித்ததாகவும், அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

“அழணும்னா என்ன நினைச்சுக்குவீங்க அங்கிள்?”

அவர் குரலைத் தணித்தார். “முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினேன். ரிட்டயர்மென்ட் விழாவுல மேடைல என் பேரத் தப்பா வாசிச்சாங்க. பக்கத்து டிப்போ ஆளு பேரு. அவனுக்குப் போட வேண்டிய மாலைய என் கழுத்துல போட்டானுங்க பாப்பா.” சொல்லும்போதே இடது கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சட்டென்று துடைத்துக்கொண்டார். “இப்ப வேணாம். வீணாயிடும்.”

அப்போது சமையலறைப் பக்கமிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. ஆபீஸ்களில் போடுகிற சுழல் நாற்காலி ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்துக்குள் வரும் கப்பல்போல் மெல்ல ஹாலுக்குள் நுழைந்தது. அதில் டிரைவரின் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். வலது காலில் தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டு. அந்தக் காலை முன்னால் நீட்டி ஒரு முக்காலியில் வைத்து, இடது காலால் தரையை உந்தி உந்திப் பின்பக்கமாகவே வந்தார். கூடவே முக்காலியும் இழுபட்டு வந்தது.

“நடிகர் சாருக்குக் காபி வேணுமா, கண்ணீரே போதுமா?”

“இவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி பத்து நாள் ஆச்சு,” என்றார் டிரைவர். பெருமையா வெட்கமா என்று தெரியாத குரல்.

கடைக்குட்டி ஹாலின் மூலையைப் பார்த்தாள். சங்கத்தின் சக்கர நாற்காலி, தூசி படாமல் துணி மூடி, கல்யாணத்துக்கு வந்த மாமியார்போல் விறைப்பாக நின்றது.

“ஆன்ட்டி, அதுல உட்காரலாமே?”

“அதுல எனக்கு உட்காரத் தகுதி இல்லையாம்மா. எழுதிப் போட்டுக் கேட்டேன். பதில் வந்திருக்கு பாரு.” ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதத்தை எடுக்கச் சொன்னார்.

‘மதிப்புக்குரிய விண்ணப்பதாரருக்கு. உங்கள் இல்லத்திலிருந்து ஏற்கெனவே போதிய கதைகள் பெறப்பட்டுள்ளன. மேலும், முட்டி அறுவை சிகிச்சையில் புதுமை குறைவு என எங்கள் கதைக்குழு கருதுகிறது. வேறு ஏதேனும் நேர்ந்தால் தயங்காமல் தொடர்புகொள்ளவும்.’

“வியாழக்கிழமை மூணு மணிக்குத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்,” என்றார் வீட்டம்மா. “மூணு தெரு தாண்டி. கார்ல ஏறணும்னா முட்டிய மடக்கணும். மடக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு.”

“அப்ப எப்படிப் போவீங்க?”

“இதுலயேதான். இது பின்னாடி மட்டும்தான் போகும். மூணு தெருவும் ரிவர்ஸ்ல போகணும். இவரு பின்னால நின்னு கை காட்டுவாரு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் இல்ல?”

“வியாழக்கிழமை ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் இந்தப் பாப்பாவோட ஷூட்டிங் இருக்கே,” என்றார் டிரைவர்.

கடைக்குட்டி போனில் தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு ஐந்து மணிக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் எந்த நாளும் காலி இல்லை. மற்ற டீம்கள் டிரைவரைக் கல்யாண மண்டபம்போல் புக் செய்திருந்தார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் அழுதுட்டு இருங்க,” என்றார் வீட்டம்மா. “நான் தனியாப் போய்க்கிறேன். பின்னால என்ன வருதுன்னு தெரியாமப் போறது எனக்கென்ன புதுசா? இவரக் கட்டிக்கிட்டு வந்தவதானே.”

*

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு எல்லாம் தயார். கல்லூரி விதிப்படி போனை ஒரு சின்னக் கம்பியில் செருகி, சக்கர நாற்காலியின் கைப்பிடியிலேயே மாட்ட வேண்டும். உலகத்தை நாற்காலியின் கண்ணால் பார்ப்பதாக ஐதீகம். டிரைவர் உட்கார்ந்தார். சால்வையைச் சரிசெய்தார். மாலை போட்ட கதையை மனசுக்குள் ஓட்டத் தொடங்கினார். முதல் தடவை கண்ணீர் ஒரு நிமிடம் பன்னிரண்டில் வந்துவிட்டது. இரண்டாம் தடவை இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதம். மூன்றாம் தடவை சரியாக வரும் நேரத்தில் தும்மல் வந்தது.

மூன்றாக இருபது நிமிடம் இருக்கும்போது வீட்டம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னோக்கிக் கிளம்பினார். வாசல் நிலைப்படியில் ஏறும்போது படாரென்று ஒரு சத்தம். சுழல் நாற்காலியின் சக்கரம் ஒன்று கழன்று, தனக்கு மட்டும் டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டதுபோல் தெருவில் உருண்டு போய்விட்டது.

வீட்டம்மா சாய்ந்தபடியே நிலையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க அழுங்க,” என்றார்.

கடைக்குட்டி சங்கத்துக்குப் போன் செய்தாள்.

“மேடம், அங்கிளோட வீட்டம்மாவ நம்ம நாற்காலில உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா? ஒரு மணி நேரம்தான்.”

“அவங்க நிஜமாவே நடக்க முடியாதவங்களா?”

“ஆமா மேடம்.”

“அப்ப சிக்கல். நிஜ நோயாளின்னா தனிப் படிவம். கமிட்டி கூடணும். ஏழு வேலை நாள் ஆகும். நடிக்கிறவங்கன்னா இப்பவே உட்காரலாம்.”

“அப்ப நோயாளியா நடிக்கிறாங்கன்னு வச்சுக்கலாமா?”

“நடிப்பு அனுபவம் இருக்கா?”

“இல்ல மேடம். முட்டி ஆபரேஷன்தான் ஆகியிருக்கு.”

“அனுபவம் இல்லாதவங்கள உட்கார வச்சா நம்பகத்தன்மை போயிடும்மா. நானும் ஒரு நடுவர், மீறினா சைபர் மார்க்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்குட்டி போனையும், நிலையில் தொங்கிய வீட்டம்மாவையும் பார்த்தாள். சைபர் என்றால் பெட்டி. பெட்டி என்றால் விமான நிலையத்தில் அப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொள்வார். திட்டினால்கூடத் தாங்கலாம்.

“எழுந்திருங்க அங்கிள்,” என்றாள்.

“இப்பத்தான் கண்ணுல முட்டுது பாப்பா!”

“எழுந்திருங்கன்னா!”

மூன்று பேருமாகச் சேர்ந்து வீட்டம்மாவை இடம் மாற்றினார்கள். காலை நேராக நீட்டிவைக்க நாற்காலியில் ஒரு பலகை இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை வெளியே இழுத்ததே இல்லை. இழுத்ததும், கடையில் மாட்டியிருந்த விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. கடைக்குட்டி தள்ளினாள். டிரைவர் முன்னால் ஓடி, வருகிற வண்டிகளை எல்லாம் கை காட்டி நிறுத்தினார். அழுகை ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான். நிறுத்தத் தெரியாமல் அழுதுகொண்டே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். ஒரு லாரிக்காரர் பயந்துபோய் லாரியை ஓரம் கட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“யாருய்யா செத்துட்டா? எதுக்கு இப்படி ஒப்பாரி வைக்கிற?” என்று வீட்டம்மா கத்தினார். “ஏம்மா, இந்தச் சக்கரம் ஏன் இப்படிக் கத்துது? எண்ணெய் விடக்கூடவா ஆளில்ல?”

“சோகத்துக்காக விட்டு வச்சிருக்காங்க ஆன்ட்டி.”

“அவங்க சோகத்துல இடி விழ!”

இரண்டாவது தெரு திரும்பியதும் காற்று எதிர்முகமாக வீசியது. பத்து நாளாக நாலு சுவருக்குள் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தவர் திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். “முன்னாடி பார்த்துப் போறது நல்லாத்தான் இருக்கு,” என்றார். அடுத்த நொடியே, “என்ன தள்ற, சோறு திங்கலையா? மூணு அடிச்சிடுச்சு,” என்றார்.

தையல் பிரித்து வீடு திரும்பும்போது மணி நாலே கால். டிரைவரின் இரண்டு கண்ணும் பாலைவனமாகிவிட்டன. இனி பத்து மாலையை மாற்றிப் போட்டாலும் ஒரு சொட்டு வராது. அப்போதுதான் கைப்பிடியிலிருந்த போனைக் கடைக்குட்டி கவனித்தாள். அணைக்க மறந்துபோயிருந்தாள். போகும்போதும் வரும்போதும் எல்லாம் பதிவாகியிருந்தது. வேறு வழியில்லை. அதில் மூன்று நிமிடத்தை வெட்டி, நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டு, பேச வாய் வராமல் அக்காவுக்கு ஒரு அழுமூஞ்சிப் படம் மட்டும் அனுப்பினாள்.

அக்கா கேட்டாள், “ஒண்ணு நாற்பதுலயா அழுத?”

*

திரையிடல் அன்று அரங்கின் முதல் வரிசையில் மூன்று நடுவர்கள். கதைப் பேராசிரியர், செயலாளர் அம்மா, நடுவில் கல்லூரி முதல்வர். ஆளுக்கொரு பெட்டி காகிதக் கைக்குட்டை. ஒவ்வொரு படமும் முடிந்ததும் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர் வந்து, நனைந்த கைக்குட்டைகளை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்து, காய்ந்த எடையைக் கழித்து அறிவிப்பார்.

“மூணு புள்ளி ரெண்டு கிராம்!” கைதட்டல்.

“நாலு புள்ளி ஒண்ணு!” பெருத்த கைதட்டல். ஒரு மாணவன் மயங்கி விழுந்தான்.

கடைக்குட்டியின் படம் ஓடியது. டிரைவர் லாரியை நிறுத்துகிற இடத்தில் அரங்கமே சிரித்தது. முதல்வரும் சிரித்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். உதவியாளர் கைக்குட்டைகளை எடுத்துப் பார்த்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

“சைபர் கிராம்.”

பேராசிரியர் எழுந்தார்.

“கண்ணீர் போகட்டும். அடிப்படையே தப்பா இருக்கும்மா. நடக்க முடியாத ஒருத்தங்க. அவங்களுக்குச் சங்கத்தோட நாற்காலி கிடைக்குது. அதுல உட்கார்ந்து அவங்க ஆஸ்பத்திரிக்கே போறாங்க! எந்த ஊர்லம்மா இப்படி நடக்கும்? ஒரு சதவீதம்கூட நம்ப முடியல.”

செயலாளர் அம்மா குரல் நடுங்க எழுந்தார். “எங்க சங்கத்து மேல சேறு பூசியிருக்காங்க சார். மூணு வருஷமா நாங்க ஒரு நோயாளியையும் எங்க நாற்காலியத் தொட விட்டதில்ல. விட்டோம்னு நிரூபிச்சா இந்த நிமிஷமே ராஜினாமா பண்றேன்!”

முதல்வர் கையமர்த்தினார். சண்டை பிடிக்காதவர். அதனாலேயே முதல்வர் ஆனவர்.

“இங்க பாரும்மா. இது நிஜம்னு நீ சொன்னா, விதிய மீறினது. சைபர். ஆனா கற்பனைன்னு சொன்னா, பிரமாதம்! ஒரு தர்ம ஸ்தாபனம் தர்மம் பண்ற மாதிரி யோசிக்கிறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்! கண்ணீர விட்டுட்டுக் கூட்டினா முப்பத்தஞ்சு வருது. கற்பனை வளத்துக்கு நான் ஒரு பதினஞ்சு போட்டுடறேன். நீ பாஸ். நாற்காலி யாருக்கும் குடுக்கல, யாரும் உட்காரல, எல்லாம் கற்பனைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாங்க மூணு பேரும் சாட்சி.”

உடனே தாள் அடித்து வந்தது. மூன்று நடுவர்களும் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். பேனா கடைக்குட்டியிடம் வந்தது.

அவள் போடவில்லை. அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், அதே சக்கர நாற்காலியில், டிரைவர் தள்ளிக்கொண்டு வந்த வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். இன்னும் ஆறு வாரத்துக்கு அவரால் நடக்க முடியாது. அவர் கண்ணெதிரிலேயே அவர் கற்பனை என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

“ஆன்ட்டி...” என்றாள்.

“என்னத்தப் பார்த்துட்டு நிக்கிற? போடு!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. “என்னக் கட்டினவரே பதினாலு படத்துல பொண்டாட்டி செத்துட்டதாச் சொல்லியிருக்காரு. நான் கற்பனையானா குறைஞ்சா போயிடுவேன்? போடு சொல்றேன்!”

கடைக்குட்டி கையெழுத்துப் போட்டாள். முதல்வர் ஐம்பது என்று எழுதி வட்டம் போட்டார். கைதட்டினார்கள். அவளுக்குக் காலடியில் தரை திரும்பவும் வந்து சேர்ந்தது.

செயலாளர் அம்மா கைப்பையை மூடிக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தார். “சரிங்க. நாற்காலிய இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க. நாளைக்கு ஷூட்டிங் இருக்கு.”

“எந்த நாற்காலி?” என்றார் வீட்டம்மா.

“நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அது.”

“நான் எங்க உட்கார்ந்திருக்கேன்? யாருக்கும் நாற்காலி குடுக்கல, யாரும் உட்காரலன்னு இப்பத்தான மூணு பேரும் கையெழுத்துப் போட்டீங்க? குடுக்காத நாற்காலிய நான் எப்படிங்க திருப்பித் தர முடியும்?”

செயலாளர் அம்மா முதல்வரைத் திரும்பிப் பார்த்தார். முதல்வர் தாளை வாங்கி ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். உட்கார்ந்திருக்கிறார் என்று ஒப்புக்கொண்டால் ஒருவர் ராஜினாமா செய்ய வேண்டும், மூன்று பேர் பொய்ச்சாட்சி ஆக வேண்டும்.

கதைப் பேராசிரியர் மட்டும் தன்னை மறந்து தலையாட்டினார். “நம்பும்படியாத்தான் இருக்கு,” என்றார்.

வீட்டம்மா கட்டுப்போட்ட காலை நேராக நீட்டி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப யாராவது அந்தக் கதவத் திறந்து விடுங்க,” என்றார். “கற்பனை வீட்டுக்குப் போகணும்.”

முதல்வரே எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.